நோய் கண்டுபிடிக்கும் புதிர் ஆட்டம்: மருத்துவம் படிக்காதவர்கள் எப்படி ஆடுகிறீர்கள்?

கட்டம்நிரப்பி:
நோயைக் கண்டுபிடிக்கும் புதிர் ஆட்டம் ஒன்றை இந்த வாரம்தான் முதல் முறையாக ஆடிப் பார்த்தேன். எனக்கு மருத்துவப் படிப்பு எதுவும் கிடையாது. குறுக்கெழுத்து, சுடோகு, வார்த்தை ஆட்டம் என்று எல்லாவற்றையும் விடாமல் ஆடுகிறவள். இது அவற்றிலிருந்து ரொம்பவே வேறு மாதிரி இருக்கிறது. இதைப் பற்றிப் பேச ஆள் வேண்டும் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாக: நாளுக்கு ஒரு நோயாளி. முதலில் வயது, எதற்காக வந்திருக்கிறார், எவ்வளவு நாளாகத் தொந்தரவு என்பது மட்டும் தெரியும். நோயின் பெயரை யூகித்துப் போட வேண்டும். தவறு என்றால் அடுத்த குறிப்பு திறக்கும்: கூடுதல் விவரம், பிறகு உடல் பரிசோதனை, பிறகு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று போகும். கடைசிக் குறிப்பு கிட்டத்தட்ட விடையையே சொல்லிவிடும். சீக்கிரம் சொன்னால் மதிப்பெண் அதிகம்.

எனக்கு வந்த கேஸ்: 38 வயதுப் பெண், பல மாதமாக அசதி, முடி கொட்டுகிறது. ரத்தசோகை என்று போட்டேன். இல்லை என்றது. அடுத்த குறிப்பில் ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது, பசி குறைவு, ஆனாலும் எடை கூடியிருக்கிறது, மற்றவர்களுக்குப் புழுக்கமாக இருக்கும்போதும் இவருக்குக் குளிர்கிறது என்று வந்தது. தைராய்டு குறைபாடு என்று போட்டேன், சரி.

விடை கிடைத்ததைவிட எனக்குப் பிடித்தது, பசி குறைந்திருக்கும்போது எடை எப்படிக் கூடும் என்று யோசித்த அந்த நேரம்தான். சாப்பாடு குறைந்தும் எடை ஏறுகிறது, கூடவே குளிரும் தாங்கவில்லை. அப்படியென்றால் உடம்பு எரிக்கிற வேகமே குறைந்துபோயிருக்க வேண்டும். நோயின் பெயர் தெரியாதவர்கூட யோசித்தே அந்த இடம்வரை வந்துவிடலாம்.

என் கேள்விகள்: முதல் யூகத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? ஆடும்போது இணையத்தில் தேடிப் பார்ப்பது சரியா? நோய்ப் பெயர்களே அதிகம் தெரியாத ஒருவர் இதில் முன்னேற வழி உண்டா?

தினம்ஒருபுதிர்:
வாங்க, வாங்க. 2021 கடைசியில் வேர்டில் என்ற ஆங்கில வார்த்தை ஆட்டம் வந்தபோது அதே பாணியில் ஏகப்பட்ட ஆட்டங்கள் வந்தன. பெரும்பாலானவற்றை நான் விட்டுவிட்டேன். இதை மட்டும் விடவில்லை. நானும் மருத்துவம் படித்தவன் இல்லை.

எனக்கு உதவியது ஒரு பழக்கம்தான். நோய்ப் பெயருக்குப் போவதற்கு முன்னால் "எவ்வளவு வேகமாக வந்தது" என்று பார்ப்பேன். நொடியிலோ நிமிடத்திலோ வந்தது என்றால் ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம், வெடித்திருக்கலாம், அல்லது இதயத்திலோ மூளையிலோ மின்னோட்டம் தடுமாறியிருக்கலாம். சில நாட்களில் வளர்ந்தது என்றால் தொற்று. மாதக்கணக்கில் மெல்ல ஏறியது என்றால் ஹார்மோன், புற்றுநோய், சத்துக்குறைவு, நெடுநாள் தொற்று. இதற்கு விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் முதல் குறிப்பிலேயே பாதி உலகத்தை ஒதுக்கிவிடலாம்.

அதற்கப்புறம் எந்த உறுப்பு. அதற்கப்புறம்தான் பெயர். உங்கள் கேஸில் "பல மாதமாக" என்ற சொல்லே தைராய்டின் பக்கம் கொஞ்சம் தள்ளிவிடுகிறது பாருங்கள்.

தேடிப் பார்ப்பது பற்றி: விடை போடுவதற்கு முன் அறிகுறிகளை அப்படியே தட்டித் தேடினால் ஆட்டமே போய்விடும். ஆனால் குறிப்பில் வரும் ஒரு சொல் புரியவில்லை என்றால் தேடலாம் என்பது என் கட்சி.

மூன்றாம்ஆண்டு:
நான் மருத்துவ மாணவன். ஒரு விஷயம் சேர்க்கிறேன்.

முதல் குறிப்பைப் பலர் வெறும் முன்னுரை என்று தாண்டிப் போகிறார்கள். 1975இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. புறநோயாளிப் பிரிவுக்குப் புதிதாக வந்த 80 பேர். பரிந்துரைக் கடிதத்தைப் படித்து, நோயாளி சொன்னதைக் கேட்டு முடித்ததும் மருத்துவர்கள் ஒரு முடிவை எழுதி வைத்தார்கள். 66 பேருக்கு அந்த முடிவே கடைசிவரை நின்றது. உடம்பைத் தொட்டுப் பார்த்த பிறகு முடிவு மாறியது 7 பேருக்கு. ஆய்வகச் சோதனைகளால் மாறியது இன்னும் 7 பேருக்கு. எங்கள் வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு நம்பவே முடியவில்லை. கருவிகள் எல்லாம் இப்போது எவ்வளவோ மாறிவிட்டன, ஆனாலும் "கேஸ் ஹிஸ்டரி ஒழுங்காக எடு" என்று பேராசிரியர்கள் இன்னும் உயிரை வாங்குவதற்குக் காரணம் அதுதான்.

இன்னொன்று, இந்த ஆட்டம் புதிது போலத் தெரிகிறது, ஆனால் கரு ரொம்பப் பழையது. 1900இல் ஹார்வர்டில் மாணவராக இருந்த வால்டர் கேனன், பாடத்தை உரையாகக் கேட்பதைவிட நிஜ நோயாளியின் விவரங்களைக் கையில் கொடுத்து விவாதிக்க வைக்கலாம் என்று எழுதினார். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரிச்சர்ட் கேபட் அதை ஒரு வழக்கமாகவே ஆக்கினார். விவரங்களை எல்லோர் முன்னாலும் வைப்பார்கள், ஒரு மூத்த மருத்துவர் எழுந்து யோசனையை வாய்விட்டுச் சொல்லி ஒரு பெயருக்கு வருவார், பிறகு நோயியல் மருத்துவர் எழுந்து உண்மையை வெளியிடுவார். பெரிய பேராசிரியர்கள் எல்லோர் முன்னிலையிலும் தவறிப்போவார்கள். அந்தக் கேஸ்கள் பல பத்தாண்டுகளாக நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தன. நாம் ஆடுவது அதன் சின்ன வடிவம்.

இரவுவிழிப்பு:
எல்லாம் சரி. ஆனால் இதை ஆட ஆரம்பித்ததிலிருந்து எனக்கு ராத்திரியில் பயம் வருகிறது. தலைவலி வந்தால் மூளைக்கட்டி, காலில் வலி வந்தால் ரத்தக்கட்டி என்று மனம் ஓடுகிறது. வேறு யாருக்காவது இப்படி உண்டா? ஆட்டத்தை விட மனமில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

வார்டுக்காரி:
இரவுவிழிப்பு தம்பி, உங்களுக்கு மட்டும் இல்லை. மருத்துவ மாணவர்களுக்கே படிக்கிற நோயெல்லாம் தனக்கும் இருப்பதாகத் தோன்றுவது உண்டு. நான் செவிலியர், வார்டில் ரொம்ப வருஷமாக வேலை செய்கிறேன், எங்கள் பயிற்சிக் காலத்திலும் இது இருந்தது.

ஒன்றை மனதில் வையுங்கள். ஆட்டத்தில் வருகிற நோயாளிகளை ஒருவர் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறார். சுவாரசியமாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார். சாதாரணத் தலைவலி, தசைப்பிடிப்பு, சளி இவை எதுவும் அங்கே வராது, ஏனென்றால் அவற்றில் புதிர் இல்லை. நிஜத்தில் வருகிறவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். உங்கள் காலில் வலி வந்து நடக்க முடியாமல் வீங்கியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள், அதற்கு ஆட்டம் தேவையில்லை. மற்றபடி ஆட்டத்தில் படித்ததை உங்கள் உடம்பின் மேல் வைத்துப் பார்க்காதீர்கள்.

ஆட்டம் காட்டாத இன்னொரு பக்கமும் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு குறிப்பும் சுத்தமாக வருகிறது. வார்டில் அப்படி இல்லை. "ஒரு மாதிரி இருக்கு" என்பார் பெரியவர். எங்கே என்றால் உடம்பு முழுக்கக் காட்டுவார். எப்போதிலிருந்து என்றால் அவர் ஒன்று சொல்வார், கூட வந்த மகள் வேறொன்று சொல்வாள். வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றால் இல்லை என்பார். பையைக் கொட்டச் சொன்னால் உள்ளே ஏழெட்டு அட்டை இருக்கும், சிலவற்றில் பெயரே கிழிந்திருக்கும், பாதி மாத்திரை உடைத்துத் திரும்பச் செருகியிருக்கும். எத்தனையோ தடவை விடை அந்தப் பைக்குள்தான் இருந்திருக்கிறது. தலைசுற்றல், மயக்கம், குழப்பம், விழுவது என்று வயதானவர்களை யாராவது அழைத்து வந்தால் எங்கள் முதல் வேலையே பையைப் பார்ப்பதுதான்.

கணக்குவாத்தியார்:
வார்டுக்காரி சொன்ன தேர்வு விஷயத்தைக் கணக்காகவே பார்க்கலாம். வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் தருவேன்.

ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கும் நோய். அதற்கு ஒரு சோதனை. நோய் இல்லாதவர்களில் 100க்கு 5 பேருக்குத் தவறாக "இருக்கிறது" என்று காட்டும். ஒருவருக்கு "இருக்கிறது" என்று வந்துவிட்டது, வேறு எந்த விவரமும் தெரியாது. அவருக்கு நோய் உண்மையில் இருக்க வாய்ப்பு எவ்வளவு?

1978இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மருத்துவர்கள், மாணவர்கள் என்று 60 பேரிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். அதிகம் வந்த பதில் 95 சதவீதம். சரியாகச் சொன்னவர்கள் 11 பேர். போட்டுப் பாருங்கள்: ஆயிரம் பேரில் நோய் உள்ளவர் 1, அவருக்குச் சோதனை சரியாகவே காட்டும் என்று வைப்போம். மீதி 999 பேரில் ஏறக்குறைய 50 பேருக்குத் தவறாகக் காட்டும். ஆக 51 பேருக்கு "இருக்கிறது" என்று வருகிறது, அதில் நிஜம் ஒருவர். சுமார் 2 சதவீதம்.

இரவுவிழிப்புக்கு நான் சொல்வது இதுதான். தலைவலி என்பதும் ஒரு சோதனை மாதிரிதான். மூளைக்கட்டி உள்ளவர்களில் பலருக்குத் தலைவலி இருக்கலாம். ஆனால் தலைவலி உள்ளவர்களில் மூளைக்கட்டி உள்ளவர் மிக மிகக் குறைவு. இரண்டையும் மாற்றிப் போட்டால் தூக்கம் போகும்.

ஆனால் ஆட்டத்துக்குள் இந்தக் கணக்கு தலைகீழ். 1940களில் மேரிலாந்தில் தியோடர் உட்வர்ட் என்ற பேராசிரியர் தன் மாணவர்களிடம் சொன்னதாக ஒரு சொல் உண்டு: குளம்புச் சத்தம் கேட்டால் குதிரையை நினை, வரிக்குதிரையை நினைக்காதே. இந்த ஆட்டத்தில் வரிக்குதிரைகளைத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் ஆட்டத்தில் ஜெயிக்க அரிய நோயை நினைக்கத்தான் வேண்டும். ஆட்டத்துக்கு ஒரு கணக்கு, வெளியே வேறொரு கணக்கு. இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

இரவுவிழிப்பு:
நன்றி அக்கா, நன்றி சார். அந்த 51 பேர் கணக்கு எனக்கு நிஜமாகவே உதவியது.

கட்டம்நிரப்பி:
வார்டுக்காரி அக்கா, நீங்களே ஒரு கேஸ் போடுங்களேன். ஆட்டம் மாதிரியே ஒவ்வொரு குறிப்பாக. நாங்கள் யூகிக்கிறோம்.

வார்டுக்காரி:
சரி. யாரோ ஒருவருடைய நிஜக் கதை இல்லை, பாடப்புத்தக அமைப்பில் நானே கோத்தது. மூன்றாம்ஆண்டு, உங்களுக்குத் தெரிந்துவிடும், கொஞ்சம் பொறுங்கள்.

குறிப்பு 1: 29 வயது ஆண். ஐந்து மாதமாக அசதி. எடை குறைந்துகொண்டே வருகிறது.

தினம்ஒருபுதிர்:
மாதக்கணக்கு, எடைக் குறைவு, இளம் வயது. காசநோய்.

கட்டம்நிரப்பி:
சர்க்கரை நோய்? இளம் வயதில் வருகிற வகை.

இரவுவிழிப்பு:
தைராய்டு அதிகமாகச் சுரப்பது. மனச்சோர்வாகவும் இருக்கலாம், அதிலும் பசி போய் எடை குறையும்.

வார்டுக்காரி:
நான்குமே நியாயமான யூகங்கள், நான்குமே இல்லை.

குறிப்பு 2: இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, இரவில் வியர்ப்பதில்லை. தாகமோ அடிக்கடி சிறுநீர் போவதோ இல்லை. படபடப்பு இல்லை. பசியில்லை, அவ்வப்போது குமட்டல், வயிற்றுவலி. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. சாப்பாட்டில் உப்பை அள்ளிப் போட்டுக்கொள்கிறார், போதவில்லை என்கிறார்.

தினம்ஒருபுதிர்:
அக்கா எங்கள் நான்கு யூகத்தில் மூன்றை ஒரே மூச்சில் அடித்துவிட்டார்கள்! காய்ச்சலும் இருமலும் இல்லாததால் நுரையீரல் காசநோய் பின்னால் போகிறது. தாகம் இல்லாததால் சர்க்கரை போகிறது. படபடப்பு இல்லை, பசியும் இல்லை, ஆகவே தைராய்டு போகிறது.

குடலில் சத்து ஏறாத நோய் ஏதாவது? சீலியாக்?

கட்டம்நிரப்பி:
எனக்கு அந்த உப்பு உறுத்துகிறது. உடம்பு ஏன் உப்பைக் கேட்கிறது? எங்கேயோ உப்பு வெளியே போகிறது. வயிற்றுப்போக்கு என்று குறிப்பில் இல்லை. அப்படியானால் சிறுநீர் வழியாகவா? உப்பு போனால் கூடவே தண்ணீரும் போகும், நின்றால் தலைசுற்றும். சிறுநீரகக் கோளாறு என்று போடுகிறேன்.

வார்டுக்காரி:
சீலியாக் இல்லை. கட்டம்நிரப்பி, உங்கள் யோசனை முழுக்கச் சரி, பெயர் மட்டும்தான் தவறு. அந்த வழியிலேயே போங்கள்.

குறிப்பு 3: படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் 104/66. எழுந்து நின்றதும் 82/54. உள்ளங்கை ரேகைகள் கறுத்திருக்கின்றன. ஈறுகளிலும் ஆங்காங்கே கருமை. பழைய அறுவை சிகிச்சைத் தழும்பு அண்மையில் கறுத்துவிட்டது என்கிறார்.

குறிப்பு 4: சோடியம் 127, பொட்டாசியம் 5.8, ரத்தச் சர்க்கரை 64. யூரியா, கிரியாட்டினின் சரியாக இருக்கின்றன.

இரண்டையும் சேர்த்தே தருகிறேன், ஏனென்றால் இவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கட்டம்நிரப்பி:
சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம். கிரியாட்டினின் சரி என்றால் சிறுநீரகமே கெட்டுப்போகவில்லை. உப்பைப் பிடித்து வை என்று அதற்குச் சொல்கிறவர் வேலை செய்யவில்லை. அது யார்? ஹார்மோனா? பெயர் தெரியவில்லையே.

மூன்றாம்ஆண்டு:
இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அடிசன் நோய்!

வார்டுக்காரி:
ஆமாம். ஐந்தாவது குறிப்பில் காலை நேரக் கார்டிசால் மிகக் குறைவு, ஏசிடிஎச் மிக அதிகம் என்று வந்திருக்கும். விளக்கத்தை மாணவரே சொல்லட்டும்.

மூன்றாம்ஆண்டு:
சந்தோஷமாக. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருப்பது அட்ரினல் சுரப்பி. அதன் வெளிப்பகுதியிலிருந்து இரண்டு முக்கியமான ஹார்மோன்கள் வருகின்றன. ஆல்டோஸ்டிரோன், உப்பைப் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே தள்ளு என்று சிறுநீரகத்திடம் சொல்லும். கட்டம்நிரப்பி தேடிய ஆள் அதுதான். கார்டிசால், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் விழாமல் தாங்கும். சுரப்பி அழிந்தால் இரண்டும் போகும். உப்பு ஆசை, தலைசுற்றல், சோடியம், பொட்டாசியம், சர்க்கரை 64 எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

கருமைதான் இதில் அழகான பகுதி. கார்டிசால் குறைந்ததும் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி, இன்னும் சுரக்கச் சொல்லி ஏசிடிஎச்சை அள்ளி விடுகிறது. ஏசிடிஎச் ஒரு பெரிய மூலப் புரதத்திலிருந்து வெட்டி எடுக்கப்படுவது. தோலைக் கறுக்க வைக்கும் ஹார்மோனும் அதே புரதத்தின் துண்டு. அளவுக்கு மீறி ஏசிடிஎச் இருந்தால் அதுவே தோலின் நிறமிச் செல்களைத் தூண்டும். அதனால்தான் வெயிலே படாத ஈறும் கறுக்கிறது.

இப்போது இதைத் திருப்பிப் பாருங்கள். சுரப்பி நன்றாக இருந்து பிட்யூட்டரி கெட்டிருந்தால்? கார்டிசால் குறையும், அசதி வரும். ஆனால் ஏசிடிஎச் இல்லாததால் கருமை வராது. ஆல்டோஸ்டிரோனை முக்கியமாக இயக்குவது ரெனின் என்ற வேறொரு வழி, அதனால் பொட்டாசியமும் ஏறாது. அதாவது "கருமை இல்லை, பொட்டாசியம் சரி" என்ற இரண்டு இல்லாமைகள் கோளாறு எந்த மாடியில் என்று காட்டிவிடும். நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு டக்கென்று நிறுத்துகிறவர்களுக்கு வருவது இந்த இரண்டாவது வகை.

தாமஸ் அடிசன் லண்டனில் கைஸ் மருத்துவமனையில் இருந்தவர், 1855இல் இதை எழுதினார். அப்போது சுரப்பியை அழித்தது பெரும்பாலும் காசநோய். ஆகவே முதல் குறிப்பில் காசநோய் என்று போட்டது ஒரு விதத்தில் ரொம்பத் தூரம் இல்லை. இன்று பல நாடுகளில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குவதுதான் முதல் காரணம். காசநோய் அதிகமுள்ள இடங்களில் அதையும் இன்னும் தேடுகிறார்கள். அமெரிக்க அதிபர் ஜான் கென்னடிக்கு இந்த நோய் இருந்தது, 1947இல் லண்டனில் கண்டுபிடித்தார்கள்.

வார்டுக்காரி:
நன்றாகச் சொன்னீர்கள். நடைமுறையில் ஒரு வரி: இவர்கள் வாழ்நாள் முழுக்க, கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை எடுக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் ஊசி போட வேண்டும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. அவசரப் பிரிவில் இதைத் தெரிந்து வைத்திருப்பது முக்கியம்.

கட்டம்நிரப்பி:
எனக்குப் பெயர் தெரியவில்லை, ஆனால் வாசல்வரை வந்துவிட்டேன் என்பதே பெரிய திருப்தி. எனக்கு இப்போதுதான் ஒன்று பிடிபடுகிறது. இரண்டாம் குறிப்பில் வந்த "இல்லை"களைத்தான் நான் இதுவரை தாண்டிப் படித்திருக்கிறேன். இருக்கிற அறிகுறிகளைக் கோப்பதில்தான் கவனம். ஆனால் பட்டியலைச் சுருக்கியது அந்த "இல்லை"கள்தான்.

கணக்குவாத்தியார்:
அதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். அதனாலேயே எனக்கு இதன் மதிப்பெண் முறை மேல் வருத்தம். முதல் குறிப்பில் சொன்னால் அதிக மதிப்பெண். இரண்டு வரியை வைத்து ஒரு பெயரை எறியச் சொல்லி ஊக்கப்படுத்துகிறார்கள். நல்ல மருத்துவர் செய்யக்கூடாதது அதுதானே? அமெரிக்காவின் தேசிய மருத்துவ அகாதமி 2015இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலான மனிதர்கள் வாழ்நாளில் ஒரு முறையாவது நோய் கண்டறிவதில் நேரும் தவறுக்கு ஆளாவார்கள் என்று அதில் சொன்னார்கள். முதலில் தோன்றிய பெயரையே பிடித்துக்கொண்டு தேடலை நிறுத்துவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்தப் பழக்கத்தையே பரிசு கொடுத்து வளர்க்கலாமா?

மூன்றாம்ஆண்டு:
சார், இதில் நான் ஒத்துப்போகவில்லை. இங்கே தவறான யூகத்தால் யாருக்கும் எதுவும் ஆவதில்லை. தவறிய உடனே அடுத்த விவரம் வந்து நம்மைத் திருத்துகிறது. ரொம்ப உறுதியாக நம்பிச் சொன்ன பதில் தவறு என்று தெரிந்தால் சரியான பதில் மனதில் நன்றாக ஒட்டிக்கொள்ளும் என்று நினைவாற்றல் ஆய்வுகள் சொல்கின்றன. சும்மா எல்லாக் குறிப்பையும் திறந்து படித்துவிட்டு "ஓ அடிசனா" என்று போவதில் என்ன தங்கும்? துணிந்து ஒரு பெயரைச் சொல்ல வைப்பதால்தான் கற்றுக்கொள்கிறோம்.

கணக்குவாத்தியார்:
சொல்ல வைப்பது வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஒரே பெயரைச் சொல்ல வைப்பதுதான் பிரச்சினை. மூன்று பெயரும், ஒவ்வொன்றையும் எது அடித்துப் போடும் என்பதும் கேட்டால் என்ன?

தினம்ஒருபுதிர்:
ஆட்டம் கேட்கவில்லை என்றால் நாமே செய்யலாமே. தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஆடுவேன் நான். இடப்பக்கம் மூன்று பெயர், வலப்பக்கம் "இது இருந்தால் இவர் அவுட்". மதிப்பெண்ணைக் கண்டுகொள்வதில்லை.

வார்டுக்காரி:
வார்டில் ரவுண்ட்ஸ் வருகிற நல்ல டாக்டர்கள் இதைத்தான் வாய்விட்டுச் செய்வார்கள். "இதுவாக இருக்கலாம், ஆனால் உயிருக்கு ஆபத்தான இன்னொன்று இருக்கிறது, முதலில் அதை இல்லை என்று ஆக்கிவிடுவோம்" என்பார்கள். ஆட்டத்தில் இந்த ஆபத்து வரிசை கிடையாது. நெஞ்சுவலிக்கு நெஞ்செரிச்சல் என்று போட்டாலும் மாரடைப்பு என்று போட்டாலும் ஒரே மாதிரி "தவறு" என்றுதான் வரும். நிஜத்தில் எது அதிக வாய்ப்பு என்பதோடு எதை விட்டால் ஆள் போய்விடுவார் என்பதையும் சேர்த்துத்தான் பார்ப்போம். மதிப்பெண்ணில் ஒன்றைச் சேர்க்கச் சொன்னால் நான் இதைத்தான் கேட்பேன்.

கணக்குவாத்தியார்:
இது நல்ல யோசனை. ஆட்டம் செய்கிறவர்கள் யாராவது படித்தால் எடுத்துக்கொள்ளட்டும்.

கட்டம்நிரப்பி:
நான் ஒரு கேஸ் போட்டுப் பார்க்கட்டுமா? படித்துத் தயார் செய்தேன். அக்கா திருத்துங்கள்.

குறிப்பு 1: 66 வயதுப் பெண். இரண்டு மாதமாக வறட்டு இருமல். இரவில் அதிகம்.

இரவுவிழிப்பு:
எழுதி வைத்துவிட்டேன். ஆஸ்துமா: மூச்சில் விசில் சத்தம் இல்லை என்றால் பின்னால் போகும். காசநோய்: காய்ச்சல், எடைக் குறைவு இல்லை என்றால் பின்னால் போகும். நுரையீரல் புற்று: எக்ஸ்ரே சுத்தம் என்றால் அனேகமாகப் போகும்.

கட்டம்நிரப்பி:
குறிப்பு 2: காய்ச்சல் இல்லை. எடை அப்படியே இருக்கிறது. புகைப்பதில்லை. மூச்சுத்திணறல் இல்லை, விசில் சத்தம் இல்லை. நெஞ்செரிச்சலும் இல்லை. எக்ஸ்ரே சுத்தம்.

தினம்ஒருபுதிர்:
மூன்றும் போய்விட்டன, இரைப்பை அமிலம் மேலே வருவதும் பின்னால் போய்விட்டது. என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?

கட்டம்நிரப்பி:
ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில். மூன்று மாதத்துக்கு முன்னால் தொடங்கினார்கள்.

மூன்றாம்ஆண்டு:
பிடித்துவிட்டீர்கள். அந்த வகை மாத்திரை பிராடிகைனின் என்ற பொருள் சிதைவதைத் தடுக்கிறது. அது மூச்சுக்குழாயில் சேர்ந்து இருமலைத் தூண்டும்.

வார்டுக்காரி:
கேஸ் நன்றாக இருக்கிறது, திருத்த ஒன்றும் இல்லை. இதைப் படிக்கிற யாருக்காவது இதே மாதிரி இருமல் இருந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அழுத்தம் ஏறிவிடும். மருத்துவரிடம் சொன்னால் லொசார்டான் போன்ற வேறு வகைக்கு மாற்றித் தருவார். மாற்றிய பிறகு இருமல் பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் நிற்கும், சிலருக்கு இன்னும் சில வாரம் எடுக்கும்.

நாளைக்கு யார் கேஸ் போடுகிறீர்கள்?

இரவுவிழிப்பு:
நான் போடுகிறேன் அக்கா.